சைபர்வெளிக்குப் பட்டா யார் பேரில்?

கல்மண்டபத்தான்
ஞாயிறு இரவு 9.10

எங்க அக்கா பொண்ணு பி.சி.ஏ. இரண்டாம் வருஷம் படிக்கிறாள். செமினாருக்கு ஒரு தலைப்பு கொடுத்திருக்கிறார்கள்: 'சைபர்வெளியை வரையறுப்பதில் மனிதப் பயனர்களின் பங்கு'. படிக்கவே எனக்கு மூச்சு வாங்கியது. சைபர்வெளி என்றால் சைபர்ஸ்பேஸ், இணையத்துக்குள் நாம் புழங்குகிற இடமாம். "நீதான் பிரவுசிங் சென்டர் வைத்திருந்தாயே மாமா, நாலு பாயிண்ட் சொல்லு" என்று வந்து உட்கார்ந்துவிட்டாள். எனக்குப் பாயிண்ட் வராது, கதைதான் வரும். சொன்னேன். "இதை எப்படி மாமா பிபிடியில் போடுவது?" என்கிறாள். அதனால்தான் இங்கே கொண்டுவந்து வைக்கிறேன்.

ராயபுரம் கல்மண்டபம் மார்க்கெட்டை ஒட்டி 2001-லிருந்து 2012 வரை கடை. பிளைவுட் தடுப்பு போட்ட எட்டு கேபின். ஆரம்பத்தில் மணிக்கு 30 ரூபாய் வாங்கினேன், கடைசியில் 10 ரூபாய்க்கே ஆள் வரவில்லை. இப்போது அதே இடத்தில் ஜெராக்ஸ், லேமினேஷன், ஆன்லைன் விண்ணப்பம்.

ஆறாம் நம்பர் கேபினுக்கு வெள்ளிக்கிழமை மதியம் ஒரு அக்கா வரும். வீட்டுக்காரர் குவைத்தில் வெல்டர், அங்கே வெள்ளிக்கிழமைதான் லீவு. அந்தக் கேபின் ஹெட்போனில் மைக் வேலை செய்யாது என்று முதல் நாளே சொன்னேன், பரவாயில்லை என்றது. கையில் நாலடுக்கு டிபன் கேரியர். வெப்கேமுக்கு முன்னால் ஒவ்வொரு அடுக்காகத் திறந்து சாய்த்துக் காட்டும். சோறு, வஞ்சிரக் குழம்பு, முட்டை, கடைசி அடுக்கில் அப்பளம். அந்தப் பக்கம் அவர் குபூஸ் ரொட்டி பாக்கெட்டைப் பிரிப்பார். இரண்டு பேரும் ஒரு வார்த்தை பேசாமல் சாப்பிடுவார்கள், முக்கால் மணி நேரம். படம் நின்று நின்று வரும், பாதிக் கவளத்தில் அவர் வாய் திறந்தபடியே உறைந்து போவார், அந்த அக்கா அவர் மென்று முடிக்கும்வரை காத்திருக்கும். கடையில் 'உணவுப் பண்டங்கள் கொண்டுவரக் கூடாது' என்று நானே எழுதி ஒட்டிய போர்டு இருந்தது. நாலாவது வாரம் நானே கிழித்துப் போட்டேன்.

வெப்கேம் செய்தவன் இதற்காகவா செய்தான்? அப்படியென்றால் அந்த இடத்தை உண்டாக்கியது யார்? இதுதான் என் சந்தேகம்.


ஓஎம்ஆர்_போய்_வரும்_ஆள்
ஞாயிறு இரவு 9.48

அண்ணே, ஒரு சின்ன விஷயம். முதல் வெப்கேமே வயிற்றுக்காக வைத்ததுதான். கேம்பிரிட்ஜ் கம்ப்யூட்டர் லேபில் காபி பானை காலியா இருக்கிறதா என்று சீட்டில் உட்கார்ந்தபடியே பார்க்க 1991-ல் ஒரு கேமராவை மாட்டினார்கள். 1993-ல் அது வெப்புக்கு வந்தது, நீங்கள் கடை திறந்த 2001-ல் அணைத்துவிட்டார்கள்.

மற்றபடி உங்கள் கதையைப் படித்து உருகலாம், ஆனால் வாதமாக எடுத்துக்கொள்ள முடியாது. சைபர்ஸ்பேஸ் என்ற சொல்லே அறிவியல் புனைகதை எழுதும் வில்லியம் கிப்சன் 1982-ல் ஒரு சிறுகதையில் போட்டது, அவர் அப்போது டைப்ரைட்டரில் எழுதிக்கொண்டிருந்த ஆள். அதற்குப் பிறகு 1996 பிப்ரவரி 8 அன்று இணையச் சுதந்திரம் பேசிய ஜான் பெர்ரி பார்லோ சைபர்வெளிக்குச் சுதந்திரப் பிரகடனம் எழுதினார், அரசாங்கங்களுக்கு இங்கே இறையாண்மை இல்லை என்று. எழுதிய ஊர் டாவோஸ், பெரிய முதலாளிகள் எல்லாம் கூடுகிற இடம். அதிலேயே புரிந்திருக்க வேண்டும்.

இன்றைக்கு நிலைமை என்ன? சர்வர் அவர்களுடையது, கோட் அவர்களுடையது. யார் போட்டது மேலே வரும், எது அடியில் போகும் என்பதும் அவர்கள் கையில். நாம் குடியிருக்கிறோம், அவ்வளவுதான், பட்டா அவர்கள் பேரில். கூகுளின் பழைய நட்பு வலைத்தளம் ஆர்க்குட்டை நினைத்துப் பாருங்கள். 2004-ல் அமெரிக்காவில் திறந்தார்கள், வந்து குவிந்தது பிரேசில்காரர்களும் நாமும். கூட்டம் எங்கே இருக்கிறதோ அங்கே போக வேண்டுமே, 2008-ல் அதன் நிர்வாகத்தையே பிரேசிலுக்கு மாற்றினார்கள். பார்த்தீர்களா பயனர்களின் பலத்தை என்று நீங்கள் கேட்பதற்குள் 2014 செப்டம்பர் 30 வந்தது, கடையை மூடினார்கள். கால்வாய் ஓரம் இருந்தவர்களை லாரியில் ஏற்றித் தூரத்தில் கண்ணகி நகர்க் குடியிருப்பில் இறக்கிய மாதிரிதான்.


கொருக்குப்பேட்டை_கேட்
ஞாயிறு இரவு 10.02

ஆர்க்குட்டில் எனக்கு டெஸ்டிமோனியல் எழுதிய பெண்ணை அதற்கப்புறம் பார்க்கவே இல்லை. அதற்கு நஷ்டஈடு உண்டா?

ஒன்று மட்டும் சொல்லிவிட்டுப் போகிறேன். ஹேஷ்டேக்கைக் கண்டுபிடித்தது கம்பெனி இல்லை. 2007 ஆகஸ்ட் 23-ல் கிறிஸ் மெசினா என்ற சாதாரணப் பயனர் ட்விட்டரில் இப்படிச் செய்தால் என்ன என்று கேட்டார், கம்பெனி கண்டுகொள்ளவில்லை, ஜனங்கள் பிடித்துக்கொண்டார்கள். 12 வருஷம் கழித்து பாகிஸ்தான்காரர்கள் நடத்திய ஒரு ஃபேஸ்புக் பக்கத்தில் சுத்தியல் படம் போட்டு உங்க ஊரில் இதற்கு என்ன பேர் என்று கேட்கப்போய், நம்ம ஆள் ஒருத்தர் வடிவேலு காமெடியை எடுத்துவிட, 2019 மே 30, பிரதமர் பதவியேற்கிற அன்றைக்கு, படத்தில் தலையில் சுத்தியல் விழுந்த நேசமணி குணமாக வேண்டும் என்று ஹேஷ்டேக் போட்டு உலகமே வேண்டிக்கொண்டது. இதை எந்த ஆபீஸில் பிளான் போட்டார்கள்?


தேவி_டீச்சர்_ஒற்றியூர்
திங்கள் காலை 6.25

ஓஎம்ஆர் தம்பிக்கு. எல்லையை அவர்கள் போடுகிறார்கள் என்பது சரி. எதை வைத்துப் போட்டார்கள் என்றும் பாருங்கள். எஸ்எம்எஸ்-க்கு 160 எழுத்து என்ற கணக்கு 1985-ல் ஜெர்மனியில் ஃப்ரீட்ஹெல்ம் ஹில்லெப்ராண்ட் என்பவர் போட்டது. டைப்ரைட்டரில் மனம்போனபடி வாக்கியங்களை அடித்து, எழுத்துகளை எண்ணியிருக்கிறார். ஜனங்கள் தபால் அட்டையில் எவ்வளவு எழுதுகிறார்கள் என்றும் பார்த்திருக்கிறார். 160 போதும் என்று பட்டது. ட்விட்டரின் 140 அதற்குள் அடங்கப் பிறந்ததுதான். ஆக யாரோ அத்தைக்கும் மாமாவுக்கும் எழுதிய கார்டுகள்தான் இத்தனை வருஷம் உலகத்தின் வாயை அளந்தன.

ஆனால் அந்தக் கார்டுகளில் தமிழ்க் கார்டு இல்லை. தமிழில் அடித்தால் ஒரு எஸ்எம்எஸ்-க்கு 70 எழுத்துதான். அதிலும் 'அம்மா' மூன்றெழுத்து என்று நான் வகுப்பில் சொல்லித்தருகிறேன், போன் அதை ஐந்தாக எண்ணும். அ, ம, புள்ளி, ம, துணைக்கால். அம்மா வந்தாச்சா, சாப்பிட்டாச்சா என்று கேட்பதற்குள் பாதி காசு தீர்ந்துவிடும். நம் பிள்ளைகள் என்ன செய்தார்கள், ஆங்கில எழுத்தில் தமிழைத் தட்டினார்கள். நான் அப்போது தலையில் அடித்துக்கொண்டேன். இன்றைக்கு யோசித்தால், நமக்கு அளவெடுக்காமல் தைத்த சட்டையை அவர்கள் பிரித்துத் தைத்துக்கொண்டார்கள் என்றுதான் தோன்றுகிறது. (விடைத்தாளில் அப்படி எழுதினால் இப்போதும் மார்க் கிடையாது.)

பழைய கதை இன்னொன்று. தொண்ணூறுகளில் ஒவ்வொரு தமிழ்த் தளத்துக்கும் தனி எழுத்துரு. அது உங்களிடம் இல்லையென்றால் பக்கம் முழுக்கக் கட்டமும் கிறுக்கலும். ஆளுக்கொரு நாட்டில் இருந்த தமிழர்கள் மின்னஞ்சலிலேயே சண்டை போட்டு, சமாதானம் ஆகி, டிஸ்கி என்ற குறியீட்டுக்கு வந்தார்கள். 1998 பொங்கலன்று மதுரைத் திட்டம் தொடங்கி, சங்க இலக்கியத்தை வீட்டில் உட்கார்ந்து தட்டித் தட்டி ஏற்றினார்கள். 1999-ல் சென்னை மாநாட்டுக்குப் பிறகு தமிழ்99 விசைப்பலகை வந்தது. தமிழில் தட்டச்ச இ-கலப்பை என்ற மென்பொருள் வந்தது, பெயரே பாருங்கள், உழுகிற ஆள் வைத்த மாதிரி. 2003-ல் தமிழ் விக்கிப்பீடியா. இதில் பெரும்பாலும் யாருக்கும் யாரும் சம்பளம் தரவில்லை. இணையம், வலைப்பதிவு, பின்னூட்டம் என்று நாம் வாய் நிறையச் சொல்கிறோமே, இவை எந்தக் கம்பெனி கொடுத்த சொற்கள்?

ஆறரைக்குப் பால்காரர் வருவார், மிச்சம் அப்புறம்.


கல்மண்டபத்தான்
திங்கள் காலை 10.30

டீச்சரம்மா, அந்தக் கட்டம் கட்டமான எழுத்தை என் கடையில் நிறைய பேர் பார்த்துவிட்டு "அண்ணே, வைரஸ் வந்துடுச்சு" என்று ஓடி வருவார்கள். கீபோர்டில் தமிழ் எழுத்தைத் துண்டுச் சீட்டில் எழுதி செலோடேப் போட்டு ஒட்டினேன். ஒரு வாரத்தில் வியர்வையில் எல்லாம் நகர்ந்து ககரமும் பகரமும் இடம் மாறிவிட்டன.


விசைப்படகு_காசிமேடு
திங்கள் பகல் 1.15

நான் படிப்பதோடு சரி, எழுத மாட்டேன். இது மீன்பிடித் தடைக்காலம், ஜூன் 14 வரை படகு கரையில்தான், அதனால் எழுதுகிறேன்.

எங்க அப்பா காலத்தில் கடலில் இடம் தெரிய கரையைத்தான் பார்ப்பார்கள். லைட்ஹவுஸ், புகைபோக்கி, கோயில் கோபுரம், இதுக்கு நேராக அது வந்தால் அடியில் பார் இருக்கும் என்று. பார் என்றால் பாறை, மீன் அங்கேதான் அடையும். அப்புறம் ஜிபிஎஸ் வந்தது. பெட்டியில் புள்ளி குத்தி வைக்கலாம், ஆனால் அது பெயர் கேட்கும், பெயர் வைக்காவிட்டால் 001, 002 என்று தானாகப் போட்டுக்கொள்ளும். எங்க அப்பா ஒன்றைக்கூட எண்ணாக விடவில்லை. பெரியப்பா பார். இரும்புக் கப்பல். சித்தப்பா வலை போன இடம். கல்யாணப் பார், அங்கே பட்ட மீனில்தான் எங்க அக்கா கல்யாணச் செலவு வந்தது. சின்ன ஸ்க்ரீன், தமிழ் வராது, தெரிந்த இங்கிலீஷ் எழுத்தில் ஏதோ அடித்து வைத்திருப்பார், அவருக்கு மட்டும்தான் புரியும்.

பெட்டி ஒருமுறை தண்ணி ஏறிச் செத்துப்போனது. அன்றிலிருந்து எல்லாப் புள்ளியையும் ஒரு கோடு போட்ட நோட்டில் எழுதி, பிளாஸ்டிக் கவரில் சுற்றி, வீட்டில் பீரோவில் புடவைக்கு அடியில் வைத்திருக்கிறோம். முதல் வரி 13 டிகிரி என்று தொடங்கும், அதுக்கு மேல் கேட்காதீர்கள், மச்சானுக்கே காட்டியதில்லை. ஹைதராபாத்தில் இருக்கும் கடல் தகவல் மையமான இன்காய்ஸிலிருந்து மீன் கிடைக்கும் இடம் பற்றித் தகவல் வரும், அதையும் பார்ப்போம். ஆனால் சாட்டிலைட்டுக்குக் கடல் மேல்தான் தெரியும். அடியில் வலை எங்கே மாட்டும் என்பது நோட்டுக்குத்தான் தெரியும்.

இன்னொன்று, இந்த இன்டர்நெட்டே கடலுக்கு அடியில் கேபிளில்தான் வருகிறது, சென்னைக் கரையிலும் ஏறுகிறது. உலகத்தில் அந்தக் கேபிள் அறுவதற்குப் பெரும்பாலும் நங்கூரமும் மீன்வலையும்தான் காரணமாம். அந்த வகையிலும் எங்களுக்குப் பங்கு உண்டு என்று உங்க பாப்பாவைப் போடச் சொல்லுங்கள் அண்ணே.


பையும்_பைக்கும்
திங்கள் மாலை 4.40

ஆர்டர் இல்லாத நேரம், சீக்கிரம் சொல்லிவிடுகிறேன். தண்டையார்பேட்டை அகஸ்தியா தியேட்டர் 2020-ல் மூடியாச்சு. இன்றைக்கும் கஸ்டமர் "அகஸ்தியா தாண்டி லெஃப்ட்" என்றுதான் சொல்வார்கள், பஸ்ஸிலும் அகஸ்தியா டிக்கெட்தான். எங்க ஆப்பில் இருக்கும் மேப்புக்கு அது தெரியாது, அது ஒரு தெருப் பெயர் சொல்லும், அந்தப் பெயர் அந்தத் தெருக்காரர்களுக்கே தெரியாது.

எங்க வாட்ஸப் குரூப்தான் எங்களுக்கு மேப். மழை வந்தால் கணேசபுரம் சப்வேயில் முழங்கால் தண்ணியா இடுப்புத் தண்ணியா என்று முதலில் போய் மாட்டினவன் வாய்ஸ் போடுவான். எந்தக் கேட்டில் நாய், எந்த ஓட்டலில் 'ரெடி' என்று பொய்யாகத் தட்டிவிட்டு இருபது நிமிஷம் நிற்க வைப்பார்கள், எல்லாம் அதில் உண்டு. ஆப் சொல்கிற வழியை விட்டு நாங்கள் குறுக்குச் சந்தில் போவோம். கொஞ்ச நாள் கழித்துப் பார்த்தால் ஆப்பே அந்தச் சந்தைக் காட்டும். சந்து கண்டுபிடித்துக் கொடுத்ததற்கு எங்களுக்கு என்ன கிடைத்தது என்றால், அந்த டெலிவரிக்கான நிமிஷத்தைக் குறைத்தார்கள்.

ஆர்டர் வந்துவிட்டது.


ஓஎம்ஆர்_போய்_வரும்_ஆள்
திங்கள் இரவு 11.20

இப்போதுதான் வீடு வந்து சேர்ந்தேன். பையும் பைக்கும் சகோ சொன்னதுதான் நான் சொல்ல வந்தது. காசிமேட்டு அண்ணன் நோட்டு பீரோவில் இருக்கிறது, அதனால் அது அவருடையது. சகோவின் சந்து கம்பெனிக்குப் போய்விட்டது. இரண்டும் மனிதர்கள் உண்டாக்கியதுதான், எனக்கு அதில் சந்தேகமில்லை. உண்டாக்கியவனிடம் அது தங்குகிறதா என்பதுதான் கேள்வி. 'நான் ரோபோ இல்லை' என்று நிரூபிக்கக் கோணல்மாணல் எழுத்தைப் படித்து அடித்தோமே, 2007-ல் வந்த ரீகேப்ட்சா, அதில் பாதி பழைய புத்தகங்களின் ஸ்கேனிலிருந்து மெஷினால் படிக்க முடியாமல் போன சொற்கள். 2009-ல் கூகுள் அதை வாங்கியது, பிற்பாடு வீட்டு நம்பர் எல்லாம் வந்தது. மெயிலைத் திறக்க வந்தவனிடம் வேலை வாங்கிக்கொண்டு அனுப்பினார்கள்.

முழுக்கவும் தோற்றோம் என்று நான் சொல்லவில்லை. 2015-ல் நெட் நியூட்ராலிட்டிக்காக, அதாவது எல்லாத் தளத்தையும் சமமாக நடத்த வேண்டும் என்று, தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய்க்குப் பத்து லட்சத்துக்கும் மேல் மெயில் போனது, அதில் என்னுடையதும் ஒன்று. பார்க்கிற தளத்தைப் பொறுத்து டேட்டாவுக்குத் தனித்தனி விலை வைக்கக் கூடாது என்று டிராய் உத்தரவு போட்டது 2016 பிப்ரவரி 8-ல். பார்லோ பிரகடனம் எழுதி சரியாக இருபது வருஷம் ஆன அதே தேதி. தற்செயல்தான். ஆனால் டாவோஸ் கவிதையைவிட இந்தச் சாதாரண மெயில்கள் எனக்குப் பெரிதாகப் படுகின்றன.


ஏழாவது_மாடி_பெரும்பாக்கம்
செவ்வாய் காலை 11.05

நான் இங்கே புதுசு. ஓஎம்ஆர் தம்பி, இரண்டு நாளாக உங்கள் முதல் பதிவு உறுத்திக்கொண்டே இருக்கிறது. ஆர்க்குட்டை மூடியதும் லாரியில் ஏற்றியதும் ஒன்றில்லை. எங்களை ஏற்றினார்கள். கொருக்குப்பேட்டைப் பக்கம் கால்வாய் ஓரம் ஒரு தெரு, எங்க மாமியார் அங்கேதான் வாக்கப்பட்டு வந்தது. வீட்டை இடித்த அன்றைக்கு என் பையனுக்குக் கணக்குப் பரீட்சை. பாஸ்வேர்டு மறந்த மாதிரி கிடையாது அது.


ஓஎம்ஆர்_போய்_வரும்_ஆள்
செவ்வாய் பகல் 12.30

மன்னித்துக்கொள்ளுங்கள் அக்கா. கை போன போக்கில் எழுதிவிட்டேன். அந்த வரியை எடுத்துவிடட்டுமா?


ஏழாவது_மாடி_பெரும்பாக்கம்
செவ்வாய் பகல் 2.10

வேண்டாம் இருக்கட்டும், எடுத்தால் நான் எழுதியது யாருக்கும் புரியாது. நான் சொல்ல வந்தது வேற.

எங்க தெரு இப்போ இல்லை. அங்கே தகரம் வைத்து அடைத்திருக்கிறார்கள். ஆட்கள் சிதறிவிட்டார்கள், எங்களை மாதிரிப் பெரும்பாக்கம் கொஞ்சம் பேர், வாடகைக்குக் கொடுங்கையூர் கொஞ்சம் பேர், ரெட்ஹில்ஸ் கொஞ்சம் பேர். இங்கே பிளாக்கில் பக்கத்து வீட்டுக்காரர் பெயர் தெரிந்துகொள்ளவே எனக்கு ஆறு மாசம் ஆச்சு. ஆனால் வாட்ஸப்பில் குரூப் இருக்கிறது, இடிப்பதற்கு முன்னாடி தண்ணி லாரி எப்போ வரும் என்று கேட்க ஆரம்பித்த குரூப். பெயர் இப்பவும் தெருப் பெயர்தான். யாரோ ஒரு பையன் 'பழைய' என்று முன்னால் சேர்த்தான், அன்றைக்கே சண்டை, சாயங்காலத்துக்குள் எடுக்க வைத்துவிட்டார்கள்.

சாவு என்றால் அதில்தான் முதலில் வரும். வீட்டு நம்பரோடு போடுவோம், '14-ஆம் நம்பர் ஆயா தவறிவிட்டது' என்று. 14 எங்கே இருக்கிறது இப்போ? ஆனால் படிக்கிறவர்களுக்கு 14 எங்கே என்று தெரியும், திண்ணை எந்தப் பக்கம் என்றுகூடத் தெரியும். ஆடி மாசம் கூழ் ஊற்றப் பணம் அதில்தான் சேருது. போன வருஷம் இரண்டு வீட்டுக்கு நடுவில் சுவர்த் தகராறு வந்தது, இல்லாத சுவருக்கு. பெரியவர்கள் வாய்ஸ் போட்டுத் தீர்த்து வைத்தார்கள்.

ஐயம்மா, சிரிப்பாகத்தான் இருக்கும்.


கொருக்குப்பேட்டை_கேட்
செவ்வாய் பகல் 2.25

அக்கா, சிரிக்கவில்லை. அந்தச் சுவர் எனக்குத் தெரியும் என்று நினைக்கிறேன். அதன்மேல் உட்கார்ந்து கேரம் ஆடின பார்ட்டி நாங்க.


ஓஎம்ஆர்_போய்_வரும்_ஆள்
செவ்வாய் இரவு 10.50

அக்கா, ஒரு விஷயம், பயமுறுத்துவதற்காகச் சொல்லவில்லை. அந்தக் குரூப்பை உங்கள் கையில் ஒரு பிரதி எடுத்து வையுங்கள். எக்ஸ்போர்ட் சாட் என்று உள்ளே இருக்கும். படம் இல்லாமல் எடுத்தால் கடைசி 40,000 மெசேஜ் வரும், படத்தோடு என்றால் 10,000 தான். அதற்கு முந்தியது வராது. அதனால் தள்ளிப்போடாதீர்கள்.


கல்மண்டபத்தான்
புதன் காலை 9.40

அந்த ஃபைலை எனக்கு அனுப்பும்மா, நான் பிரிண்ட் போட்டு ஸ்பைரல் பைண்டிங் பண்ணித் தருகிறேன். பேப்பர் காசு மட்டும் கொடு போதும். இரண்டு பக்கமும் அடித்தால் பாதி மிச்சம். பொண்ணு பிபிடி முடித்துவிட்டாள், ஆறாம் நம்பர் கேபினும் போட்டிருக்கிறாள், காசிமேட்டுத் தம்பியின் நோட்டைப் போட்டோ கேட்டாள், நான் தலையில் ஒரு தட்டு தட்டினேன். உங்க குரூப் விஷயத்தை, தெருப் பெயர் இல்லாமல், போடலாமா என்று கேட்கச் சொன்னாள்.


ஏழாவது_மாடி_பெரும்பாக்கம்
புதன் மாலை 6.15

போடட்டும் அண்ணே. தெருப் பெயரையும் போடச் சொல்லுங்க. நான் தனியா மெசேஜில் அனுப்புகிறேன்.

பிரிண்ட் போடும்போது மட்டும் பார்த்துப் போடுங்க. ஆயாவோட கடைசிப் போட்டோ அதில் இருக்கிறது, அது தெளிவாக வரணும். குட்மார்னிங் ரோஜாப்பூ படமெல்லாம் வேண்டாம், 22-ஆம் நம்பர் மாமா தினமும் நாலு போடுவார், அதிலேயே உங்க இங்க் தீர்ந்துவிடும்.